ஓடும் படிகத்தைக் கண்டவர்

1888 மார்ச் மாதம் ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்குப் பிராக் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாவரவியலாளர் ரெய்னிட்சர் ஆராய்ந்த ஒரு பொருள் 145.5 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கியது, 178.5 டிகிரியில் தெளிந்தது. ஏன்?

சூடேற்றும் வசதிகொண்ட நுண்ணோக்கியில் லேமன் அதைப் பார்த்தார். கலங்கிய அத்திரவம் படிகத்தைப் போலவே ஒளியை இரண்டாகப் பிரித்தது. மூலக்கூறுகளின் ஒழுங்கான அணிவகுப்பே காரணம். 1889-இல் அதற்கு ‘ஓடும் படிகம்’ என்று பெயரிட்டார். வெறும் கலவை என்று பலர் மறுத்தனர். அவரோ ஆய்வைக் கைவிடவில்லை.

நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிட்டாமலே 1922-இல் காலமானார். பின்னாளில் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் அந்த அணிவகுப்பை அளந்தே காட்டியது. மாணவர்களே, நம் கணினிகளின் திரவப் படிகத் திரைகள் இயங்குவதும் அதனால்தான்.