சேப்பாக்கத்தின் கதவைத் திறந்த புச்சிபாபு

சென்னையிலே கிரிக்கெட் ஆடாத தெரு இல்லை. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் போதும். சந்துக்குச் சந்து பந்தும் மட்டையுமாகச் சிறுவர்கள் நிற்பார்கள். பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் கூட்டம் கூட்டமாகச் சேப்பாக்கம் செல்வார்கள்.

ஆனால், ஒரு காலத்தில் சேப்பாக்கத்து மண்டபத்திலே இந்தியர் கால் வைக்க முடியாது. ஆட வந்தவர்களுக்கும் இதே கதிதான். அந்த அவமானத்தைக் கண்டு ஓர் இளைஞர் மனம் புழுங்கினார். அவர் சண்டைக்குப் போகவில்லை. கெஞ்சவும் இல்லை. வேறு ஒரு வழியைக் கண்டார்.

அவர்தான் புச்சிபாபு நாயுடு. தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படுகிறவர்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

புச்சிபாபு 1868ஆம் ஆண்டு பிறந்தார். முழுப் பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. வீட்டிலே செல்லமாக அழைத்த பெயர் புச்சிபாபு. அந்தப் பெயரே ஊரில் நிலைத்துவிட்டது.

அவருடைய பாட்டனார் வெங்கடசாமி நாயுடு பெரும் செல்வர். பாரி கம்பெனியில் துபாஷ் உத்தியோகம் பார்த்தவர். துபாஷ் என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் நம் நாட்டு வியாபாரிகளுக்கும் நடுவே நின்று பேசி முடிப்பது அவர் வேலை. அந்தக் காலத்தில் துபாஷ்களுக்குச் செல்வாக்கு அதிகம்.

மயிலாப்பூரில் லஸ் என்னும் பகுதியில் அவர்களுக்குப் பெரிய மாளிகை இருந்தது. லஸ் ஹவுஸ் என்று அதற்குப் பெயர். சுற்றிலும் பரந்த தோட்டம். அங்கேதான் புச்சிபாபு வளர்ந்தார். குழந்தைகளைக் கவனிக்க ஆங்கில மாது ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். அதனால் சிறு வயதிலேயே ஆங்கிலேயரின் பேச்சும் பழக்கமும் ஆட்டமும் புச்சிபாபுவுக்குத் தெரிந்தன. மாலை வேளைகளில் சேப்பாக்கத்தில் துரைமார்கள் ஆடுவதை அவர் பார்த்தார். கிரிக்கெட் மீது ஆசை பிறந்தது.

மரத்தடியில் சாப்பாடு

சென்னை கிரிக்கெட் கிளப் 1846ஆம் ஆண்டு தோன்றியது. அலெக்சாண்டர் அர்புத்னாட் என்ற ஆங்கில அதிகாரி அதைத் தொடங்கினார். 1860க்குப் பிறகு அது சேப்பாக்கத்தில் இடம் பெற்றது. ஆர்க்காட்டு நவாபின் அரண்மனைக்குச் சொந்தமாயிருந்த தோட்ட நிலம் அது. நவாபின் ஆட்சி போய்விட்டது. நிலம் சர்க்கார் கைக்கு வந்தது. அதிலே வெள்ளைக்காரர்கள் பந்து ஆடினார்கள்.

அந்தக் கிளப்பில் ஐரோப்பியர்கள் மட்டுமே அங்கத்தினர்கள். இந்தியர்கள் சேர முடியாது. எப்போதாவது இந்திய ஆட்டக்காரர்கள் அங்கே ஆட அழைக்கப்பட்டால், வெயிலில் ஒன்றாக ஓடி ஆடலாம். ஆனால் பகல் உணவு வேளை வந்ததும் துரைமார்கள் மண்டபத்துக்குள் போய் மேஜையில் அமர்வார்கள். இந்தியர்கள் மரத்தடிக்குப் போக வேண்டும். கொண்டு வந்ததை அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே இளைப்பாற வேண்டும்.

ஆடும்போது பந்துக்கு ஜாதி இல்லை, நிறம் இல்லை. ஆட்டம் நின்றதும் நிறம் வந்துவிடுகிறது! இது புச்சிபாபுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவர் செல்வர். வெள்ளைக்காரர்களோடு பழகியவர். தனக்கு மட்டும் ஒரு சலுகை தேடியிருக்கலாம். ஆனால் ஒருவர் மட்டும் உள்ளே போவதால் மரத்தடியில் இருப்பவர்களுக்கு என்ன பயன்?

சொந்த மைதானம்

1888ஆம் ஆண்டு புச்சிபாபு ஒரு கிளப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20! சென்னை ஐக்கிய கிளப் என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்பார்கள். சுருக்கமாக எம்.யு.சி.

கிளப் இருந்தால் போதாது. ஆட இடம் வேண்டும். கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடு என்ற வெளி இருந்தது. அதிலே கிளப்புக்கு இடம் கிடைத்தது. அந்த நாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியும் எஸ்பிளனேடு பகுதியில்தான் இருந்தது. 1937இல்தான் அது தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது.

இடம் கிடைத்தது. ஆட்டக்காரர்கள்? அங்கேதான் பெரிய வேலை இருந்தது. அக்காலத்து நம் இளைஞர்கள் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஆடுவார்கள். தலையில் குடுமி. காலில் செருப்புக்கூட இராது. நல்ல மட்டை வாங்கப் பணம் கிடையாது. கால்களுக்குக் கட்டும் காப்பு, கையுறை எல்லாம் அவர்கள் கண்ணால் மட்டும் கண்டவை.

கிரிக்கெட் பந்து கல்லைப் போன்றது. காப்பு இல்லாதவன் பந்துக்குப் பயந்து பின்வாங்குவான். பின்வாங்குகிறவன் எப்படி அடிப்பான்? இதைப் புச்சிபாபு உணர்ந்தார். தன் சொந்தப் பணத்தில் மட்டைகள், காப்புகள், வெள்ளை உடுப்புகள், பூட்ஸுகள் வாங்கிக் கொடுத்தார். திறமை உள்ள பையன் ஏழையாக இருந்தாலும் அவன் ஆட வழி செய்தார். லஸ் ஹவுஸ் தோட்டத்திலேயே பயிற்சி நடந்தது.

இவ்வாறு சில ஆண்டுகளில் வெள்ளைக்காரர்களோடு சமமாக மோதக்கூடிய ஒரு கோஷ்டி உருவாயிற்று.

பம்பாயில் நடந்த தகராறு

மைதானத் தகராறு சென்னையில் மட்டும் இருந்ததல்ல. பம்பாயிலும் இருந்தது. அங்கே பார்சிக்காரர்கள் முதலிலேயே கிரிக்கெட் கற்றுவிட்டார்கள். ஊர் நடுவே இருந்த வெளியில் அவர்கள் ஆடுவார்கள். வெள்ளைக்காரர்கள் அதே வெளியில் குதிரை மேல் அமர்ந்து போலோ ஆட வந்தார்கள். குதிரைக் குளம்புகள் தரையைக் குழி குழியாக்கிவிட்டன. குழியில் விழுந்த பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்குத் தெரியும்?

பார்சிக்காரர்கள் மனு மேல் மனுப் போட்டார்கள். 1880ஆம் ஆண்டுகளில் அந்த வழக்கு நீண்டது. கடைசியில் கடற்கரை ஓரத்தில் அவர்களுக்குத் தனி இடம் கிடைத்தது. பிறகு 1892 முதல் பம்பாயில் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் ஆண்டுதோறும் பெரிய ஆட்டம் நடந்தது.

சென்னையிலும் அதுபோல் ஓர் ஆட்டம் வேண்டும் என்பது புச்சிபாபுவின் கனவு.

சமமான ஆட்டம்

சென்னை கிரிக்கெட் கிளப்பில் பார்ட்ரிட்ஜ் என்ற துரை இருந்தார். நல்ல மனம் படைத்தவர். புச்சிபாபு அவரோடு பேசினார். இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தியர் ஒரு கட்சி, ஐரோப்பியர் ஒரு கட்சி. சேப்பாக்கத்தில் ஆட்டம். சென்னை ராஜதானி ஆட்டம் என்று அதற்குப் பெயர்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. முன்பு இந்தியர்கள் சேப்பாக்கத்துக்குப் போனது, கூப்பிட்டால் வந்து ஆடும் விருந்தாளிகளாக. இப்போது போவது சரிசமமான எதிர்க்கட்சியாக! 20 ஆண்டுப் பாடு இதற்காகத்தான்.

1908ஆம் ஆண்டு முடிவில் முதல் ஆட்டம் என்று நிச்சயமாயிற்று. இந்தியக் கோஷ்டி தயாரானது. நகரெங்கும் அதே பேச்சு.

அப்போது இடி விழுந்தது. அந்த டிசம்பர் மாதத்திலேயே, ஆட்டத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, புச்சிபாபு திடீரென்று காலமானார். வயது 40தான்.

ஆட்டத்தைத் தள்ளி வைப்பதா? நடத்துவதா? நின்றுவிட்டால் மறுபடி கூடுமோ கூடாதோ! துக்கத்தோடு இந்தியர்கள் மைதானத்தில் இறங்கினார்கள். ஆட்டம் நடந்தது. கனவு கண்டவர் கண்ணால் காணவில்லை. ஆனால் அவர் தயார் செய்த இளைஞர்கள் அதை நடத்திக் காட்டினார்கள். கிளப்பின் பொறுப்பைப் பி. சுப்பிரமணியம் என்ற அன்பர் ஏற்றுக்கொண்டார்.

பொங்கல் திருவிழா

அந்த ஆட்டம் பிறகு பொங்கல் சமயத்தில் நடக்கும் திருவிழாவாகிவிட்டது. கரும்பும் மஞ்சளும் போல் பொங்கலுக்குச் சேப்பாக்கத்து ஆட்டமும் சென்னைவாசிகளுக்கு அவசியமாயிற்று. 1915 முதல் அது முதல்தர ஆட்டமாகக் கணக்கில் வைக்கப்பட்டது. சி.கே. நாயுடு இங்கே ஆடி, பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டார். கோபாலன், ராம்சிங் முதலிய வீரர்கள் இந்த ஆட்டத்தில் பேர் எடுத்தார்கள். எதிர்க்கட்சியில் ஜான்ஸ்டன் துரை புகழ் பெற்றார். 1952 வரை இது நடந்து வந்தது.

1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பைக்கான முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில்தான் ஆடப்பட்டது. சென்னையும் மைசூரும் மோதின. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது! ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்ததும் இதே மண்ணில்தான். தோற்ற நாடு இங்கிலாந்து. நம்மவர்களை மரத்தடிக்கு அனுப்பிய அந்த மைதானத்திலேயே இந்த வெற்றி கிடைத்தது!

அயர்லாந்தின் கதை

மூடிய மைதானம் திறந்த கதை இன்னொரு தேசத்திலும் உண்டு. அயர்லாந்தும் நம்மைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடு. அங்கே 1884இல் கேலிக் ஆட்டச் சங்கம் தோன்றியது. வளைந்த கழியால் பந்தை அடிக்கும் ஹர்லிங் முதலிய நாட்டு ஆட்டங்களைக் காப்பது அதன் நோக்கம். டப்ளின் நகரில் குரோக் பார்க் என்ற பெரிய மைதானம் அதற்குச் சொந்தம்.

1920 நவம்பர் 21ஆம் தேதி அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கில அரசின் படையினர் புகுந்து சுட்டார்கள். 14 பேர் மாண்டார்கள். அதிலே ஓர் ஆட்டக்காரரும் உண்டு. ஆறாத புண் அது. ரக்பி போன்ற ஆங்கிலேயர் ஆட்டங்களை அந்த மைதானத்தில் ஆடக்கூடாது என்ற விதி வெகுகாலம் இருந்தது.

ஆனால் ரக்பி ஆடிய அயர்லாந்துக்காரர்களும் அதே நாட்டின் பிள்ளைகள்தானே? அவர்களுடைய மைதானத்தை இடித்துக் கட்ட வேண்டி வந்தது. ஆட இடம் இல்லை. 2005இல் சங்கம் கூடி வாக்கெடுத்தது. 227 பேர் திறக்கலாம் என்றார்கள். 97 பேர் கூடாது என்றார்கள். 2007 பிப்ரவரியில் அங்கே ரக்பி நடந்தது. முதல் ஆட்டத்தில் பிரான்ஸ் வென்றது. அடுத்து இங்கிலாந்து வந்தது. ஆங்கிலேயரின் தேசியகீதம் ஒலித்தபோது ஏறக்குறைய 80,000 பேரும் மரியாதையோடு நின்றார்கள். பிறகு ஆட்டத்திலே 43க்கு 13 என்று இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள்!

சேப்பாக்கத்தில் கதவை மூடியவர்கள் வலியவர்கள். குரோக் பார்க்கில் மூடியவர்கள் புண்பட்டவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் கதவு திறந்ததால் யாரும் சிறுமை அடையவில்லை. ஆட்டம்தான் வளர்ந்தது.

வாழையடி வாழை

புச்சிபாபுவின் மக்களும் கிரிக்கெட்டில் சிறந்தார்கள். வெங்கடராமானுஜுலு, பாலையா ஆகியோர் பேர் பெற்றனர். இன்னொரு மகன் சி. ராமசாமி. வேறு குடும்பத்துக்குச் சுவீகாரம் போனதால் அவர் பெயரின் முன்னெழுத்து மாறியது. டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் நாட்டுக்காக ஆடிய அபூர்வ மனிதர் அவர். 1936இல் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 40. தந்தை இறந்த அதே வயதில் மகன் டெஸ்ட் வீரரானார்!

புச்சிபாபு இறந்த மறு ஆண்டு அவர் பெயரால் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. பின்னாளில் அது அகில இந்தியப் போட்டியாகப் பெருகியது. இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்தது. 2023இல் மறுபடி உயிர் பெற்றது. இன்று பல மாநிலத்து இளைஞர்கள் அவர் பெயர் பொறித்த கோப்பைக்காகத் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள்.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிச் சேப்பாக்கம் போகிறவர்கள் வழியில் திருமயிலை நிலையத்தைக் கடக்கிறார்கள். லஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இன்று சில நிமிஷப் பயணம். புச்சிபாபுவுக்கோ அந்தத் தூரத்தைக் கடக்க 20 ஆண்டு ஆயிற்று.

உள்ளே விடாதவர்களைப் பழித்துக்கொண்டே காலம் கழிப்பது எளிது. அவர் சொந்தமாக ஒரு மைதானம் அமைத்தார். ஏழைப் பையன்கள் கையில் மட்டையைக் கொடுத்தார். அவர்களைச் சமமானவர்களாக ஆக்கினார். பிறகு கதவு தானே திறந்தது.