இரண்டு நாடுகளுக்கு ஒரே மன்னர்! கூஸாவின் வாழ்க்கை வரலாறு

ருமேனியா நாட்டில் பொக்சானி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊரையே எல்லை இரண்டாகப் பிளந்தது. ஊரின் ஒரு பாதி மோல்டாவியா. மறு பாதி வாலாக்கியா. இரண்டு பக்கமும் பேசிய மொழி ஒன்று. கும்பிட்ட தெய்வமும் ஒன்று. ஆனால் மன்னர் வேறு, சட்டசபை வேறு. நடுவே ஓடிய மில்கோவ் என்ற சிற்றாறுதான் எல்லை.

அந்த எல்லையை ஒரு துளி ரத்தம் சிந்தாமல் அழித்த மன்னர், அலெக்சாண்டர் இயோன் கூஸா.

துண்டு துண்டாக...

ருமேனிய மொழி பேசும் மக்கள் மூன்று பெரும் பகுதிகளில் வாழ்ந்தார்கள். தெற்கே வாலாக்கியா. கிழக்கே மோல்டாவியா. மலைகளுக்கு அப்பால் திரான்சில்வேனியா. 1600-ம் ஆண்டில் மிகாய் என்ற வீர மன்னர் இம்மூன்றையும் ஒரு குடையின் கீழ் கொண்டு வந்தார். அது சில மாதங்களே நீடித்தது. மறு ஆண்டே அவர் கொலை செய்யப்பட்டார்.

பிறகு திரான்சில்வேனியா ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் வசமாயிற்று. மற்ற இரண்டும் துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டின. மோல்டாவியாவின் வடபகுதியான புக்கோவினாவை 1775-ல் ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது. கிழக்கே இருந்த பெசராபியாவை 1812-ல் ரஷ்யா எடுத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதவியை உதறினார்

கூஸா 1820-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி மோல்டாவியாவில் ஒரு நிலப்பிரபு குடும்பத்தில் பிறந்தார். பாரிஸ் நகரில் படித்தார். 1848-ல் நடந்த கிளர்ச்சியில் சேர்ந்து கைதாகி, தப்பி ஓடினார். பின்னர் நாடு திரும்பி, கலாட்ஸ் துறைமுகப் பகுதிக்கு நிர்வாக அதிகாரி ஆனார்.

கிரிமியா போரில் ரஷ்யா தோற்றதும், இரு நாடுகளும் ஒன்று சேர விரும்புகின்றனவா என்று மக்களிடம் கேட்கப் பெரிய அரசுகள் முடிவு செய்தன. இதற்காக 1857-ல் தேர்தல் நடந்தது. இணைப்பை விரும்பாத மோல்டாவிய ஆட்சியாளர், வாக்காளர் பட்டியலிலேயே கையை வைத்தார். அந்த மோசடிக்கு உடந்தையாக இருக்க கூஸா மறுத்தார். பதவியை ராஜினாமா செய்தார். நாடெங்கும் அவர் பெயர் பரவியது. தேர்தல் ரத்தாகி, மறுபடியும் நடந்தது. இணைப்பை விரும்பியவர்களே அமோகமாக வென்றார்கள்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

ஆனாலும் பெரிய அரசுகள் முழு இணைப்புக்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு மன்னர்கள், இரண்டு மந்திரிசபைகள், இரண்டு சட்டசபைகள் என்று 1858-ல் ஒப்பந்தம் போட்டன. ஆனால் இரண்டு மன்னர்களும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டன!

1859 ஜனவரி 5-ந் தேதி மோல்டாவியா சட்டசபை 48 வாக்குகளுடன் கூஸாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. ஜனவரி 24-ந் தேதி வாலாக்கியாவின் புக்காரெஸ்ட் நகரில் சட்டசபை கூடியது. வெளியே ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அங்கும் 64 வாக்குகளும் கூஸாவுக்கே விழுந்தன. (இவை அந்நாட்டின் பழைய காலண்டர் தேதிகள்.) ஒப்பந்தம் மீறப்படவில்லை. நாடுகள் இரண்டு, மன்னர் ஒருவர்!

சுல்தான் வேறு வழியின்றி இணைப்பை ஏற்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கூஸா ஆளும் வரையில்தான் இந்த இணைப்பு செல்லும். அவருக்குப் பிறகு மீண்டும் இரண்டு நாடுகள்தான்!

ஏழைகளுக்கு நிலம்

1862-ல் ஒரே சட்டசபை, ஒரே மந்திரிசபை, ஒரே தலைநகர் என்று ஆயிற்று. நாட்டு நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு மடங்களிடம் இருந்தது. 1863-ல் கூஸா அதை அரசுடைமை ஆக்கினார். 1864-ல் நிலச் சட்டம் வந்தது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட குடியானவக் குடும்பங்கள் நிலம் பெற்றன. ஆரம்பக் கல்வி இலவசம், கட்டாயம் என்றும் சட்டம் செய்தார்.

ஆனால் இதற்காக அவர் சட்டசபையைக் கலைத்துத் தம் கையிலேயே அதிகாரத்தை வைத்துக்கொண்டார். கஜானாவும் காலியாயிற்று. நிலப்பிரபுக்களும் சுதந்திரம் கேட்டவர்களும் அவருக்கு எதிராகக் கைகோத்தார்கள்.

1866 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் அதிகாரிகள் துப்பாக்கியுடன் படுக்கை அறைக்குள் புகுந்தார்கள். கூஸா எதிர்க்கவில்லை. முடி துறந்து கையெழுத்திட்டார்.

தம்மை நேசித்த குடியானவர்களை அவர் தூண்டிவிட்டிருக்கலாம். உள்நாட்டுச் சண்டை மூண்டிருந்தால், சுல்தானின் நிபந்தனை பலித்திருக்கும். நாடு மீண்டும் இரண்டாகியிருக்கும். கூஸா மவுனமாக நாட்டை விட்டு வெளியேறினார். ஜெர்மனியிலிருந்து வந்த கரோல் அரியணை ஏறினார். நாடு உடையவில்லை.

1873 மே 15-ந் தேதி ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் நகரில் கூஸா காலமானார். உடல் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் குடியானவர்கள் திரளாக வந்து கண்ணீர் வடித்தார்கள்.

அழியாத இணைப்பு

அதன் பிறகும் எல்லைகள் ஓயவில்லை. 1878-ல் ருமேனியா சுதந்திர நாடாக அங்கீகாரம் பெற்றது. 1918-ல் திரான்சில்வேனியா, புக்கோவினா, பெசராபியா மூன்றும் ருமேனியாவுடன் சேர்ந்தன. 1940-ல் பெசராபியாவும் வட புக்கோவினாவும் சோவியத் வசம் போயின. வட திரான்சில்வேனியா ஹங்கேரிக்குப் போய், போருக்குப் பின் திரும்பியது. பெசராபியாவின் பெரும்பகுதி 1991 முதல் மோல்டோவா என்ற தனி நாடாக இருக்கிறது. அங்கும் பேச்சு மொழி ருமேனிய மொழியே.

இத்தனை எல்லைகள் மாறின. ஆனால் மில்கோவ் ஆற்றின் மீது கூஸா அழித்த எல்லை மட்டும் திரும்ப வரவே இல்லை. ஜனவரி 24-ந் தேதி இன்று ருமேனியாவில் அரசு விடுமுறை நாள்.