இரு பெரும் அண்டை நாடுகளுக்கு நடுவே: நேபாள மன்னர் மகேந்திராவின் வாழ்வும் அவரது சமநிலைக் கொள்கையும்

1961 அக்டோபர் 5 அன்று பெய்ஜிங்கில் நேபாள மன்னர் மகேந்திராவும் சீன அதிபர் லியூ ஷாவோகியும் இரு நாடுகளுக்கும் இடையேயான எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இமயமலைத் தொடரில் சுமார் 1,400 கி.மீ. நீளும் எல்லை அன்று உறுதியானது. அடுத்த பத்தாம் நாள், காத்மாண்டுவைத் திபெத் எல்லையுடன் இணைக்கும் சாலை அமைப்பதற்கான ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்தியாவும் சீனாவும் எல்லைத் தகராறில் முட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனவே, இரண்டாவது ஒப்பந்தம் புதுடெல்லியில் கடும் கவலையை ஏற்படுத்தியது.

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்புதான், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நேபாளத்தின் முதல் அரசை மகேந்திரா கலைத்துப் பிரதமரைச் சிறையில் அடைத்திருந்தார். அண்டை நாடுகளிடையே அவர் கடைப்பிடித்த சமநிலையும் உள்நாட்டில் அவர் செலுத்திய தனியாட்சியும் அன்று முதல் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

அரண்மனைக்குள் அடைபட்ட இளமை

மகேந்திர பீர் விக்ரம் ஷா 1920 ஜூன் 11 அன்று காத்மாண்டுவின் நாராயண்ஹிட்டி அரண்மனையில் பிறந்தார். தந்தை திரிபுவன் மன்னராக இருந்தாரே தவிர, ஆட்சி அவர் கையில் இல்லை. 1846 முதல் நேபாளத்தைப் பரம்பரைப் பிரதமர்களான ரானாக்களே ஆண்டுவந்தனர். அரச குடும்பம் அவர்களின் கண்காணிப்பில் இருந்தது. பட்டத்து இளவரசரான மகேந்திரா பள்ளிக்குச் செல்லாமல் அரண்மனைக்குள்ளேயே கல்வி பயின்றார்.

1950-ஆம் ஆண்டு அந்நிலையைப் புரட்டிப் போட்டது. ஜூலை 31 அன்று இந்தியாவுடன் அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தில் ரானா அரசு கையெழுத்திட்டது. அக்டோபரில் சீனப் படைகள் திபெத்துக்குள் முன்னேறின. நவம்பர் 6 அன்று, வேட்டைக்குச் செல்வதாகக் கூறிப் புறப்பட்ட மன்னர் திரிபுவன், குடும்பத்துடன் காத்மாண்டுவில் இருந்த இந்தியத் தூதரகத்துக்குள் நுழைந்து தஞ்சம் புகுந்தார். மகேந்திராவும் அவருடன் சென்றார். ஆனால், மகேந்திராவின் மூன்று வயது மகன் ஞானேந்திரா அரண்மனையில் விடப்பட்டார். ரானாக்கள் அக்குழந்தைக்கு முடிசூட்டினர். சில நாள்களில் திரிபுவன் இந்திய விமானத்தில் டெல்லி சென்றார். பேச்சுவார்த்தைகளுக்குப் பின் 1951 பிப்ரவரியில் நாடு திரும்பினார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த ரானா ஆட்சி முடிவுக்கு வந்தது.

முடியாட்சிக்கு அதிகாரம் மீண்டது இந்தியாவின் துணையால்தான். அந்த உதவிக்கு ஈடாக நேபாளம் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. 1952-இல் இந்திய ராணுவக் குழு ஒன்று நேபாளப் படைகளுக்குப் பயிற்சியளிக்க வந்தது. வடக்கு எல்லையில் பதினைந்துக்கும் மேற்பட்ட கண்காணிப்புச் சாவடிகளில் இந்தியர்கள் பணியமர்த்தப்பட்டனர். காத்மாண்டுவில் எடுக்கப்படும் முக்கிய முடிவுகளில் இந்தியத் தூதரின் செல்வாக்கு ஓங்கியிருக்கிறது என்ற மனக்குறை அரசியல் வட்டாரங்களில் வளர்ந்தது. இவை அனைத்தையும் இளவரசர் மகேந்திரா அருகிலிருந்து கவனித்தார்.

கதவுகளைத் திறந்த மன்னர்

1955 மார்ச் 13 அன்று திரிபுவன் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் காலமானார். மகேந்திரா அரியணை ஏறினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று சீனாவுடன் நேபாளம் தூதரக உறவை ஏற்படுத்தியது. டிசம்பர் 14 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரானது. 1956 மே மாதம் அவரது முடிசூட்டு விழா நடைபெற்றது.

அதே ஆண்டு செப்டம்பரில், பிரதமர் டங்க பிரசாத் ஆச்சார்யாவின் அரசு திபெத் குறித்துச் சீனாவுடன் உடன்பாடு கண்டது. 1856 ஒப்பந்தத்தின்படி திபெத்தில் நேபாளத்துக்கு இருந்த சிறப்புரிமைகள் கைவிடப்பட்டன. சீனா 6 கோடி இந்திய ரூபாய் மதிப்புள்ள உதவியை அறிவித்தது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் காத்மாண்டு வந்தார். 1957 ஜனவரியில் சீனப் பிரதமர் சூ என்லாய் வந்தார். அடுத்தடுத்து இரு விருந்தினர்களையும் வரவேற்ற அந்த வரிசையிலேயே பின்னாளைய கொள்கையின் வடிவம் தெரிந்தது.

எனினும், இரு அண்டை நாடுகளும் நேபாளத்துக்குச் சம தொலைவில் இல்லை. வடக்கே உலகின் மிக உயர்ந்த மலைகள்; தெற்கே வேலியில்லாத சமவெளி. உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் இந்தியாவிலிருந்தே வந்தன. கடல்வழிச் சரக்குகள் கல்கத்தா துறைமுகம் வழியாகவே வந்து சேர்ந்தன. இந்திய நாணயம் நேபாளச் சந்தைகளில் புழங்கியது. பல்லாயிரம் நேபாளியர் இந்திய ராணுவத்தின் கூர்க்கா படைப்பிரிவுகளில் பணியாற்றினர். பதினெட்டாம் நூற்றாண்டில் நேபாளத்தை ஒன்றிணைத்த மூதாதை பிருத்வி நாராயண் ஷா, இரு பாறைகளுக்கு நடுவே முளைத்த கிழங்குக்குத் தம் நாட்டை ஒப்பிட்டதாகக் கூறப்படுவதுண்டு. ஆனால் மகேந்திராவின் காலத்தில், ஒரு பாறை கிழங்கை ஒட்டியே நின்றது; மற்றொன்று பனிக்கு அப்பால் இருந்தது. அப்பாலிருந்த பாறைக்கு வழி அமைத்து, அருகிலிருந்த பாறையின் அழுத்தத்தைக் குறைப்பதே அவரது முயற்சியாக இருந்தது.

கொய்ராலாவின் பதினெட்டு மாதங்கள்

1959-இல் நேபாளத்தின் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. 109 இடங்களில் 74 இடங்களை நேபாளி காங்கிரஸ் கைப்பற்றியது. விஸ்வேஸ்வர் பிரசாத் கொய்ராலா மே மாத இறுதியில் பிரதமரானார். இந்திய விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர் அவர். ஆகவே, அவர் இந்தியாவின் சொல் கேட்டே நடப்பார் எனப் பலர் எதிர்பார்த்தனர். நிகழ்ந்தது வேறு.

நேபாளம் மீதான தாக்குதலை இந்தியா மீதான தாக்குதலாகவே கருதுவோம் என்று 1959 நவம்பரில் நாடாளுமன்றத்தில் ஜவாஹர்லால் நேரு அறிவித்தபோது, உதவி தேவையா என்பதை நேபாளமே முடிவு செய்யும் என்று கொய்ராலா பதிலளித்தார். டிசம்பரில் இந்தியாவுடன் கண்டக் நதி ஒப்பந்தத்தில் அவரது அரசு கையெழுத்திட்டது. 1960 மார்ச்சில் பெய்ஜிங் சென்று எல்லையை வரையறுப்பதற்கான உடன்பாட்டைச் செய்தார். சீனா உரிமை கோரிய எவரெஸ்ட் சிகரம் குறித்து அங்கே அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏப்ரலில் சூ என்லாய் காத்மாண்டு வந்தபோது அமைதி, நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூனில் முஸ்தாங் எல்லைப் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் நேபாள அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கொய்ராலா அரசின் எதிர்ப்பைத் தொடர்ந்து சீனா வருத்தம் தெரிவித்தது.

மகேந்திராவின் பெயரால் இன்று நினைவுகூரப்படும் சீன எல்லை உடன்பாட்டின் அடித்தளம், இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஒன்றால் இடப்பட்டது.

1960 டிசம்பர் 15 அன்று மன்னர் அந்த அரசைக் கலைத்தார். கட்சி இளைஞர் மாநாட்டில் இருந்த கொய்ராலாவையும் அமைச்சர்களையும் ராணுவம் கைது செய்தது. நிர்வாகச் சீர்கேடும் தேச நலனுக்குக் குந்தகமும் காரணங்களாகக் கூறப்பட்டன. கட்சிகள் தடை செய்யப்பட்டன. மன்னரின் பிடியில் இயங்கும், கட்சிகளற்ற பஞ்சாயத்து முறை 1962 டிசம்பரில் வெளியிடப்பட்ட அரசமைப்பின் மூலம் நிலைநிறுத்தப்பட்டது.

முற்றுகையும் போரும்

நேபாள நிகழ்வுகளை ஜனநாயகத்துக்கு நேர்ந்த பின்னடைவாக நேரு கருதினார். பீஜிங்கோ உள்நாட்டு விவகாரம் என்று ஒதுங்கி நின்றது. இந்தியாவில் தஞ்சம் புகுந்த நேபாளி காங்கிரஸ் தலைவர் சுவர்ண ஷம்ஷேரின் ஆதரவாளர்கள், 1961 இறுதியிலிருந்து எல்லை தாண்டி ஆயுதத் தாக்குதல்களை நடத்தினர். 1962 ஜனவரியில் ஜனக்பூரில் மன்னரின் வாகனத்தின் மீது குண்டு வீசப்பட்டது. அவர் உயிர் தப்பினார். குண்டு வீசிய இளைஞர் துர்கானந்த ஜாவுக்கு 1964-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பெய்ஜிங்கில் கையெழுத்தான சாலை ஒப்பந்தத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அது நாட்டுக்கு வடக்கே ஒரு வாசலைத் திறந்தது; அதே வேளையில் அரியணைக்கும் ஒரு காப்பைத் தந்தது.

1962 செப்டம்பர் இறுதியில் பீகாரின் ரக்சால் எல்லையில் சரக்குப் போக்குவரத்து நின்றது. அறிவிக்கப்படாத இந்தத் தடையால் நேபாளத்தில் அத்தியாவசியப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அக்டோபர் 5 அன்று சீன வெளியுறவு அமைச்சர் சென் யி, நேபாளத்தை அந்நியர் தாக்கினால் சீனா துணை நிற்கும் என அறிவித்தார். இரு வாரங்களில், அக்டோபர் 20 அன்று, இந்திய-சீனப் போர் மூண்டது.

போர் மகேந்திராவின் நிலையை ஒரே நாளில் மாற்றியது. வடக்கே போரிடும் இந்தியாவுக்கு நேபாளத்தின் பகை கட்டுப்படியாகாது. தடை விலகியது. சுவர்ண ஷம்ஷேர் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தினார். இந்திய ராணுவத்தின் கூர்க்கா வீரர்கள் சீனப் படையை எதிர்த்துப் போரிட்டபோது, நேபாள அரசு நடுநிலை காத்தது. மன்னரின் ஆட்சி நிலைத்தது. கொய்ராலா சுந்தரிஜல் சிறையிலேயே இருந்தார்.

சாலைகளில் எழுதப்பட்ட வெளியுறவு

1963 மார்ச்சில் இந்திய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி காத்மாண்டு சென்றார். உறவு சீரடையத் தொடங்கியது. நவம்பரில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனும் நேபாளம் சென்றார். 1965 ஜனவரியில், நேபாளப் படைகளுக்கான ஆயுதங்களை முதன்மையாக இந்தியாவே வழங்குவது என்ற உடன்பாடு ஓசையின்றி ஏற்பட்டது. சீனாவின் உதவியைப் பெற்ற அதே மன்னர், இந்தியாவின் பாதுகாப்புக் கவலையைப் புறக்கணிக்கவும் இல்லை.

நாட்டின் தென்பகுதியில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை இதற்குச் சிறந்த சான்று. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தச் சாலை மகேந்திராவின் பெருங்கனவு. கிழக்குத் தராய் சமவெளியில் அதன் ஒரு பகுதியைச் சீனா அமைக்க முன்வந்தபோது, தன் எல்லைக்கு மிக அருகே சீனப் பணியாளர்கள் வருவதை இந்தியா விரும்பவில்லை. நேபாளம் கேட்டுக்கொண்டதால் சீனா விலகியது. அப்பகுதியை அமைக்கும் பொறுப்பை இந்தியா ஏற்றது. சீனாவுக்குக் காத்மாண்டு-பொக்காரா சாலை வழங்கப்பட்டது. நெடுஞ்சாலையின் மற்றொரு பகுதியைச் சோவியத் ஒன்றியம் அமைத்தது. சீன உதவியுடன் கட்டப்பட்ட, 110 கி.மீ.க்கும் மேல் நீளும் காத்மாண்டு-கோதாரி சாலை 1967-இல் திறக்கப்பட்டது. ஒரு நாட்டின் ஐயம் மறு நாட்டின் உதவியாக மாறும் வழியை மகேந்திரா அறிந்திருந்தார்.

உள்நாட்டிலும் அவரது ஆட்சி வெறும் அடக்குமுறையாக மட்டும் இருக்கவில்லை. 1963-இல் வெளியான புதிய சட்டத் தொகுப்பு சாதி அடிப்படையிலான பாகுபாட்டுக்குச் சட்டம் அளித்த ஏற்பை நீக்கியது. 1964-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. எம்.பி.பி. ஷா என்ற பெயரில் நேபாளி மொழியில் கவிதைகளும் எழுதினார். ஆனால், செய்தித்தாள்கள் அஞ்சியே எழுதின. கொய்ராலா வழக்கு விசாரணையின்றி எட்டு ஆண்டுகள் சிறையில் கழித்து, 1968 அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்குச் சென்று தங்கினார்.

எல்லையின் எல்லை

1969-இல் பிரதமர் கீர்த்திநிதி பிஸ்டா, வடக்குச் சாவடிகளில் உள்ள இந்தியர்களும் இந்திய ராணுவக் குழுவும் வெளியேற வேண்டும் என வெளிப்படையாகக் கோரினார். அடுத்த ஆண்டுக்குள் அவர்கள் வெளியேறினர். நேபாளம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் முதன்முறையாக இடம்பெற்றிருந்த காலமும் அதுவே.

அதற்குப் பின் வந்தது வர்த்தகச் சிக்கல். இறக்குமதி செய்த மூலப்பொருள்களைக் கொண்டு நேபாளத்தில் தயாரான எவர்சில்வர் பாத்திரங்களும் செயற்கை இழைத் துணிகளும் இந்தியச் சந்தையில் நுழைவதை இந்தியா எதிர்த்தது. 1970 அக்டோபர் 31 அன்று வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தம் காலாவதியானது. புதிய ஒப்பந்தம் 1971 ஆகஸ்ட் 13 அன்றே கையெழுத்தானது. இடைப்பட்ட மாதங்களில், வடக்கே கோதாரிச் சாலை இருந்தும் தெற்கின் இழப்பை அது ஈடுசெய்யவில்லை. மலையில் வெட்டிய ஒரு சாலையால் கடலுக்குச் செல்லும் வழியாகிவிட முடியவில்லை.

வங்கதேசப் போர் முடிந்தபின், 1972 ஜனவரியில் அப்புதிய நாட்டை நேபாளம் அங்கீகரித்தது. சீனா அப்போது பாகிஸ்தான் பக்கம் நின்றது. துணைக்கண்டத்தில் அதிகாரத்தின் எடை எங்கே கூடியிருக்கிறது என்பதை மகேந்திரா கணித்து எடுத்த இறுதி முடிவுகளில் அதுவும் ஒன்று. ஜனவரி 31 அன்று, சித்வன் மாவட்டத்தின் பரத்பூரில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 51.

மகன் பிரேந்திரா 1975-இல் நேபாளத்தை அமைதி மண்டலமாக அறிவிக்க முன்மொழிந்தார். சீனா ஆதரித்தது; இந்தியா ஏற்கவில்லை. 1989-இல் ஒப்பந்தங்கள் மீண்டும் காலாவதியாகி எல்லை வாயில்கள் மூடப்பட்டபோது, தட்டுப்பாட்டால் எழுந்த மக்கள் கோபம் ஜனநாயக இயக்கத்துக்கும் வலுச் சேர்த்தது. மறு ஆண்டு பஞ்சாயத்து முறை வீழ்ந்தது. தூதரகத்துக்குத் தப்பியபோது அரண்மனையில் விடப்பட்ட ஞானேந்திராவே நேபாளத்தின் கடைசி மன்னரானார். 2008 மே மாதம் நாடு குடியரசானது. நாராயண்ஹிட்டி அரண்மனை இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.

1961-இல் வரையறுக்கப்பட்ட வடக்கு எல்லையே இன்றும் நேபாளத்தின் எல்லை. கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை இன்றும் மகேந்திராவின் பெயரையே தாங்கி நிற்கிறது. கிழக்கு நேபாளத்தில் அந்தச் சாலையிலிருந்து வடக்கே சற்றுத் தொலைவில், தரான் நகரில், இந்திய உதவியுடன் உருவான மருத்துவக் கல்வி நிறுவனம் உள்ளது. எல்லை உடன்பாட்டுக்கு அடித்தளமிட்டு, அது ஒப்பந்தமானபோது சிறையில் இருந்த கொய்ராலாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது.