வெளிச்சத்தைப் பாடின மனுஷன்



சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டீல் கித்தாரை மடியில் வைத்து, ஒரு மனுஷனுடைய பாட்டுகளை வாசித்து செல்போனில் பதிவு பண்ணி வருகிறேன். வார்த்தை கிடையாது, ராகம் மட்டும்தான். கம்பி மேல் இரும்பை இழுக்கும்போது ஒரு ஆள் அழுகிற மாதிரியே சத்தம் வரும். இதைக் கேள்விப்பட்ட ஒரு சகோதரர், குடிகாரனுடைய பாட்டு ஊழியக்காரருக்கு எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மனுஷனுடைய வாழ்க்கையையே பதிலாகச் சொல்லுகிறேன்.

அவர் பெயர் ஹாங்க் வில்லியம்ஸ். 1923 செப்டம்பர் 17ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். முதுகெலும்பில் பிறவிக் குறை. தாயார் சபையில் ஆர்கன் வாசிப்பார்; அந்தப் பாட்டுகளைக் கேட்டே பிள்ளை வளர்ந்தான். ரூபஸ் பெயின் என்ற கறுப்பினத் தெருப்பாடகர் அவனுக்கு இசை கற்றுக்கொடுத்தார்.

1947ல் தேவ வெளிச்சத்தைக் கண்ட சந்தோஷத்தைப் பற்றி 'ஐ சா த லைட்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 1949 ஜூன் மாதம் நாஷ்வில் பட்டணத்தின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஏறினார். ஜனங்கள் அவரை விடவே இல்லை. அவருடைய குழுவில் டான் ஹெல்ம்ஸ் என்பவர் ஸ்டீல் கித்தார் வாசித்தார். அந்தக் கம்பியின் அழுகையும் இவர் குரலும் ஒன்றுக்கொன்று பதில் பேசும்.

ஆனால் பாருங்கள்! முதுகுவலி, குடி, வலி மருந்து, உடைந்த குடும்பம். 1952 ஆகஸ்டில் அதே மேடை அவரை நீக்கியது. 1953 ஜனவரி 1ந்தேதி, ஓஹையோவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போகிற வழியில், காரின் பின்சீட்டிலேயே மரித்துக் கிடந்தார். வயது 29தான்! காத்திருந்த கூட்டத்துக்குச் செய்தி சொல்லப்பட்டபோது, அந்த வெளிச்சப் பாட்டையே எல்லாரும் சேர்ந்து பாடினார்களாம். டான் ஹெல்ம்ஸ் 2008ல் மரிக்கும் வரை நண்பருடைய பாட்டுகளை வாசித்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய ஆத்துமாவைக் குறித்து நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது தேவனுடைய காரியம். என்னைக் குத்துகிறது வேறு. ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பாட்டில் ஆறுதல் அடைந்தார்கள். பாடினவன் உள்ளே மூழ்கிக்கொண்டிருந்தான்.

என் அண்ணனும் அப்படித்தான். இந்தக் கித்தார் அவனுடையது. ஆராதனையில் அவன் வாசித்தால் சபையே கண்ணீர் விடும். இன்னொரு பாட்டு வாசி தம்பி என்று எல்லாரும் கேட்டோம். வீட்டுக்குப் போய் என்னப்பா ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 34 வயதில் குடி அவனைக் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் வாசிக்கிறேன். சில ராத்திரி பாதியிலேயே விரல் நின்றுவிடும். பதிவை அழித்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன்.

அன்பானவர்களே, நம்ம மேடையிலும் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல தாலந்து என்று புகழ்ந்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடாதிருங்கள். இந்த வாரமே ஒருவர் வீட்டுக்குப் போங்கள். உட்கார்ந்து பேசுங்கள். குடியில் விழுந்திருந்தால் அவமானப்படுத்தாதேயுங்கள். கூடவே ஜெபியுங்கள், வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். வெளிச்சத்தைப் பாடுகிறவனையும் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் நடத்த ஒரு ஆள் வேண்டுமல்லவா?

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.