கல்லும் ஏடும் கண்ட கவிமணி

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை அறியாத தமிழ் மாணவர் இலர். தொடக்கப் பள்ளியில் சேர்ந்த சில நாட்களிலேயே அவருடைய குழந்தைப் பாடல்கள் பிள்ளைகளின் நாவில் ஏறிவிடுகின்றன. வளர்ந்தபின் ஆசிய ஜோதி, உமர்கய்யாம் பாடல்கள், மருமக்கள்வழி மான்மியம் என்று அவரை மீண்டும் மீண்டும் படிக்கிறோம். ஆயினும் அவருடைய வாழ்வின் ஒரு பெரும்பகுதி நம் பாடநூல்களில் இடம்பெறாமலே போயிற்று. பழைய ஓலைகளையும் கல்வெட்டுகளையும் தேடித் தேடிப் படித்த ஆராய்ச்சியாளர் அவர். கவிஞரின் புகழ் ஆராய்ச்சியாளரை மறைத்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

உலக அளவில் இத்தகைய வேட்கைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவோர் எகிப்தியவியல் அறிஞர்கள். பிரெஞ்சு நாட்டுச் சாம்போலியன் இளமை முதலே எகிப்தின் எழுத்தின்மேல் தீராத காதல் கொண்டவர். ரோசட்டாக் கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்து வடிவங்களில் பொறிக்கப்பட்டிருந்ததைத் துணையாகக் கொண்டு, 1822ஆம் ஆண்டில் அப்பட எழுத்துகளைப் படிக்கும் வழியைக் கண்டார். அவருக்கு நாள் முழுதும் எகிப்தே நினைவு. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதுவே பேச்சு. கவிமணிக்கு நைல் நதியும் பிரமிடும் வாய்க்கவில்லை. தேரூர்க் குளமும், சுசீந்திரம் கோயிலும், அழகியபாண்டியபுரத்து ஓலைக் கட்டுகளும் வாய்த்தன. வேட்கை ஒன்றுதான்.

1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் தேரூரில் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் தேசிக விநாயகம். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தமையால் பள்ளியில் மலையாளமே பயிலவேண்டிய நிலை. தமிழை அவருக்கு முறையாகக் கற்பித்தவர் திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரான். இவ்விரு மொழிக் கல்வி பிற்காலத்தில் பெரும்பயன் தந்தது. தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து எழுதப்பட்ட நாஞ்சில் நாட்டு ஆவணங்களைத் தமிழ் மட்டும் அறிந்தவர் எளிதில் படித்துவிட முடியாது. மலையாளம் மட்டும் அறிந்தவரும் அவ்வாறே. சிறுவயதில் விருப்பமின்றிக் கற்ற மொழியே பின்னாளில் திறவுகோல் ஆயிற்று எனலாம்.

கோட்டாறு அவருக்குக் கல்வி தந்த ஊர். ஆசிரியப் பணி தந்த ஊரும் அதுவே. பின்னர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலுமாக ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆசிரியராக விளங்கினார். 1901ஆம் ஆண்டில் உமையம்மையாரை மணந்தார். இவை எல்லா வரலாறுகளிலும் உள்ளனவாதலின் நாம் விரித்துரைக்கவில்லை.

ஆனால் கோட்டாற்றைப் பற்றிச் சற்று விரித்துரைக்கத்தான் வேண்டும். கிரேக்கப் புவிநூலாசிரியர் தாலமி குறிப்பிடும் கோட்டியாரா என்னும் நகரம் நம் கோட்டாறே என்பது அறிஞர் பலரின் கருத்து. முதற் குலோத்துங்க சோழன் (1070-1120) இங்கே நிலைப்படை ஒன்றை நிறுத்தினான். மும்முடிச்சோழநல்லூர் என்று சோழர் இதற்குப் பெயர் சூட்டினர். சோழராசா கோயில் என்று மக்கள் வழங்கும் சிவன்கோயில் பழைய ஆவணங்களில் இராசேந்திரசோழீச்சுரம் எனப்படும். கோட்டாற்றுச் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போகும் நம்மவரில் எத்தனை பேர், தாம் கடந்து செல்லும் தெருவின் வயது ஆயிரம் என்பதை நினைக்கிறோம்? அங்கே படித்து அங்கேயே பாடம் சொன்ன தேசிக விநாயகம் பிள்ளை நினைத்தார். வேறுபாடு அவ்வளவே.

இந்நாட்டுப் பழைய எழுத்தைப் படிப்பது எளிதன்று. கல்வெட்டுகள் சில வட்டெழுத்தில் உள்ளன, சில தமிழெழுத்தில், இடையிடையே கிரந்தம் வரும். பாண்டிய நாட்டில் சோழராட்சிக்குப்பின் வழக்கிழந்த வட்டெழுத்து, திருவிதாங்கூரில் அதற்குப்பின் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை; சொற்களுக்கிடையே இடைவெளியில்லை. ஆண்டுக் கணக்கோ கொல்லம் ஆண்டு. அதனோடு 824 அல்லது 825 கூட்டினால் கிறித்துவ ஆண்டு வரும். எதைக் கூட்டுவது என்பதை மாதம் பார்த்து முடிவு செய்யவேண்டும். எண்களும் தமிழெண்கள். ஒரு நிலவிலை ஓலையைப் படிக்க மாகாணி, முந்திரி போன்ற பின்னங்களும், மரக்கால், கோட்டை போன்ற அளவைகளும் தெரிந்திருக்கவேண்டும். இவை அனைத்தையும் ஒரு பள்ளி ஆசிரியர் தம் பணிக்கிடையே கற்றார் என்பதே நாம் நின்று நோக்கவேண்டிய செய்தி.

அவருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. மனோன்மணீயம் தந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) திருவனந்தபுரத்தில் மெய்ப்பொருளியல் கற்பித்துக்கொண்டே வேணாட்டு மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளிலிருந்து எழுதிக் காட்டினார். பின்னர்த் திருவிதாங்கூர் அரசு தொல்பொருள் துறைக்கென டி. ஏ. கோபிநாத ராவ் போன்ற அறிஞர்களை அமர்த்தியது. அரசு அறிஞருக்கு ஊழியர் உண்டு. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றிப் படியெடுத்துக் கொடுப்பர். தேசிக விநாயகம் பிள்ளைக்கு அத்தகைய வசதி ஏதும் இல்லை, பதவியும் இல்லை. கண்ணும் கையும் பொறுமையும் இருந்தன.

அவர் செய்த பணிகளுள் தலையாயது அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளை வெளிக்கொணர்ந்தமை. பெரியவீட்டு முதலியார் என்பார் நாஞ்சில் நாட்டின் நிருவாகத்தில் பல தலைமுறைகளாக முதன்மை பெற்றிருந்த குடும்பத்தார். அவர்தம் இல்லத்தில் ஓலைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அவற்றின் அருமையை உணர்ந்த கவிமணி அவற்றைப் படித்துப் படியெடுத்தார். அவ்வோலைகளில் காவியம் இல்லை, புராணம் இல்லை. குளம் வெட்டிய கணக்கு, மடை திறக்கும் முறை, வரி நிலுவை, நிலவிலை, ஒற்றி, நாட்டார் கூடி எடுத்த முடிவு ஆகியவையே உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிலிருந்து வந்த படையெடுப்பும் வரிச்சுமையும் தாங்காது நாஞ்சில் நாட்டார் ஒன்றுகூடி உறுதி செய்துகொண்ட செய்திகளை நாம் அறிவது இத்தகைய ஆவணங்களால்தான். மனிதரை விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் அவற்றுள் உள்ளன. ஆளும் பேரும் விலையும் குறித்து, மாடு விற்பது போல் மனிதரை விற்றிருக்கிறார்கள். பழம்பெருமை பேசுவோர் இவ்வகை ஓலையைக் கண்டால் ஒதுக்கி வைத்துவிடுவது வழக்கம்.

இன்னொன்று காந்தளூர்ச் சாலைச் சிக்கல். முதலாம் இராசராசன் (985-1014) காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் என்னும் பொருள்பட அவனுடைய கல்வெட்டுகள் கூறுகின்றன. கலம் என்பதைக் கப்பல் எனக் கொண்டு, சேரனின் கடற்படையைச் சோழன் அழித்தான் என்று வரலாற்றறிஞர் எழுதிவந்தனர். கவிமணி இதனை ஏற்கவில்லை. சாலை என்பது துறைமுகமன்று, உண்டியும் உறையுளும் அளித்த அறச்சாலை. கலம் என்பது மரக்கலமன்று, அங்கு உண்பார்க்குரிய உண்கலம் என்பது அவர் கொள்கை. இதனை நிறுவ ஆங்கிலத்தில் காந்தளூர்ச் சாலை என்னும் தலைப்பிலேயே எழுதினார்.

அவர் கருத்துக்கு வலுவான துணை நம் மாவட்டத்திலேயே உண்டு. ஆய்மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டையொட்டிப் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும் சாலையும் அமைத்து, 95 சட்டர் தங்கிப் பயில வழி செய்தான். முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரமே அவ்வூர். அச்சாலை காந்தளூர்ச் சாலையின் முறைப்படி அமைந்தது என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. ஆகவே காந்தளூரில் இருந்தது மாணவர் தங்கி உண்டு பயின்ற நிறுவனம் என்பதில் ஐயமில்லை. பின்வந்த சோழர்களும் அதே செயலைத் தம் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொள்வது கப்பல் கதைக்கு இடர்ப்பாடு தருவதாகவே நமக்குத் தோன்றுகிறது. எனினும் நீலகண்ட சாத்திரியார் உள்ளிட்ட பெரியோர் கடற்படைக் கருத்தையே கொண்டனர். வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. ஒரு சொல்லின் பொருளுக்காகப் பேரறிஞர்களோடு முரண்பட்டு நிற்க ஓர் ஆசிரியருக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? ஆவணத்தைத் தாமே படித்தவருக்கு வரும் துணிவு அது.

பழமையை இத்துணை நேசித்தவர் பழைய வழக்கங்களையெல்லாம் போற்றினார் என எண்ணிவிடலாகாது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி வழக்கில் இருந்தது. தந்தையின் சொத்து மக்களுக்கு வாராது; தங்கை தமக்கையர் மக்களுக்குப் போகும். மனைவியும் பிள்ளைகளும் உகந்துடைமை எனக் கிடைக்கும் சிறுபங்கை நம்பி நிற்பர். இக்கொடுமையை, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைத் தானே சொல்வதாக அமைத்து, மருமக்கள்வழி மான்மியம் பாடினார் கவிமணி. 1917-18இல் தமிழன் இதழில் அது தொடர்ந்து வந்தபோது நாடெங்கும் பரபரப்பு. காரணவர்கள் சினந்தார்கள், இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. சட்டத்துக்கு அப்பாடலே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பலர் பல்லாண்டு உழைத்த உழைப்பு அது. ஆனால் அந்நூலில் வரும் சொத்துக் கணக்கும் வழக்கு விவரமும் வெறுங் கற்பனையால் எழுதக்கூடியன அல்ல. ஓலை படித்த கண் அங்கே தெரிகிறது. ஏட்டை நேசித்தார், ஏட்டிலிருந்த வழக்கத்தை எதிர்த்தார். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தமையே நாம் அவரை வணங்கத்தக்க காரணம்.

உமர் கய்யாமை அவர் தேர்ந்தமைக்கும் இதற்கும் தொடர்புண்டு என்பது நம் எண்ணம். நிசாப்பூரில் 1048இல் பிறந்த கய்யாம் கணித அறிஞர், வானியலார். 1079இல் நடைமுறைக்கு வந்த சலாலி நாட்காட்டியை அமைத்த குழுவில் ஒருவர். இவ்வுண்மையை மறந்து அவரை மதுக்கோப்பையோடு மட்டும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பிட்செரால்டின் ஆங்கிலம் வழியே கவிமணி தமிழாக்கிய அப்பாடல்களில் பாழடைந்த அரண்மனைகளும், மண்ணாகிப் பின் பானையான மன்னர்களும் வருகிறார்கள். சோழன் நிறுத்திய நிலைப்படை இருந்த இடம் தெரியாமற்போன கோட்டாற்றில் வாழ்ந்தவருக்கு அவை அயலூர்ச் செய்திகளாக இருந்திரா.

கோட்டாற்றின் மற்றொரு மாணிக்கம் இடலாக்குடிச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். கவிமணிக்கு ஈராண்டு மூத்தவர். 1907ஆம் ஆண்டு சென்னையில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்துச் சதாவதானி எனப் புகழ் பெற்றவர். 1950இல் அவர் மறைந்தபோது கவிமணி இரங்கற்பா பாடினார். சமயம் வேறாயினும் தமிழ் ஒன்றாக இவ்விருவரும் வாழ்ந்த ஊர் இது என்பதை நம் மாணவர்க்கு நினைவூட்டுவது நம் கடமை.

ஈண்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப்பாடல்களைப் படித்த இல்லங்கள் நம்மிடையே உண்டு. அரபுத்தமிழில் எழுதிய கையெழுத்துப் படிகள் பரணிலும் பெட்டியிலும் கிடக்கின்றன. பாட்டனார் மறைந்தபின் படிக்க ஆளில்லை என்று அவை கடலில் விடப்படுவதும் உண்டு. கோயில்களிலோ திருப்பணி என்ற பெயரால் மணல்வீச்சு முறையில் சுவரைத் தூய்மை செய்து எழுத்துகளைத் தேய்த்துவிட்டதை நாடு கண்டது. கல் திரும்பப் பேசாது. வீட்டில் அரபுத்தமிழ்ப் படி வைத்திருக்கும் மாணவர் அதை நம் துறைக்குக் கொண்டுவந்து காட்டினால், ஓர் ஒளிப்படமாவது எடுத்து வைத்துத் திருப்பித் தருவோம்.

1931இல் ஓய்வு பெற்ற பின் கவிமணி புத்தேரியில் வாழ்ந்தார். பெரும்பாலான நூல்கள் அச்சேறியது அதற்குப் பின்னரே. 1938இல் மலரும் மாலையும், 1941இல் ஆசிய ஜோதி, 1945இல் உமர்கய்யாம் பாடல்கள் வெளிவந்தன. 1940இல் சென்னையில் கவிமணி என்னும் பட்டம் அளிக்கப்பெற்றது. 1954 செப்டம்பர் 26ஆம் நாள் மறைந்தார். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்ததைக் காண அவர் இல்லை. 2005இல் நடுவணரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கவிஞர் என்ற முறையிலேதான்.

ஆராய்ச்சியாளரின் பணி வேறு வழியில் தொடர்ந்தது. ஆளூர் தந்த வரலாற்றறிஞர் கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு முதலியார் ஓலைகள் சான்றாக உதவின. இருபத்தோராம் நூற்றாண்டில் முனைவர் அ. கா. பெருமாள் அவ்வோலைகளைப் பற்றித் தமிழில் தனிநூலே தந்துள்ளார். குளத்துக் கணக்கும், நாட்டார் முடிவும், பெயர் குறித்து விற்கப்பட்ட மனிதரும் இப்போது எவரும் படிக்கும் அச்செழுத்தில் இருக்கின்றனர்.