பனிமலைத் தபால்காரர்

மாணவர்களே! தொலைவில் வாழும் தாத்தா பாட்டியின் முகத்தை இன்று நாம் நொடிப்பொழுதில் கைப்பேசியில் கண்டு மகிழ்கிறோம். ஆனால், உறவினர் எழுதிய ஒரு கடிதத்திற்காகக் குளிர்காலம் முழுவதும் காத்திருந்த மக்களும் உலகில் வாழ்ந்திருக்கின்றனர். அவ்வாறு காத்திருந்தோருக்காகப் பனி மூடிய மலைக்காடுகளை 20 குளிர்காலங்கள் தனியே கடந்து சென்றார் ஒருவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

ஐரோப்பாவின் வடபகுதியில் அமைந்த நாடு நார்வே. குளிர்காலத்தில் அந்நாட்டின் மலைகளும் காடுகளும் வெண்பனியால் மூடப்படும். பாதைகள் மறைந்துவிடும். நடப்பவரின் கால்கள் பனியில் புதையும். ஆதலால், நீண்ட மெல்லிய மரப்பலகைகளைக் காலணியோடு பிணைத்துக்கொண்டு பனிமேல் சறுக்கிச் செல்லும் வழக்கம் அங்கே தொன்றுதொட்டு நிலவி வருகிறது. உடலின் எடை பலகையின் நீளம் முழுவதும் பரவுவதால் கால் புதைவதில்லை. இக்கலைக்குப் பெயர்பெற்ற பகுதி டெலிமார்க் ஆகும்.

டெலிமார்க்கைச் சேர்ந்த டின் என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு யோன் பிறந்தார். மிக இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். 1837ஆம் ஆண்டு, தமது பத்தாம் வயதில், குடும்பத்தாருடன் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். புதிய நாட்டில் புதிய மொழியைக் கற்றார். அவரது பெயரும் ஜான் தாம்சன் என்று மாறியது. ஆயினும், பிறந்த மண்ணில் கண்டு பழகிய பனிச்சறுக்கு அவர் நினைவைவிட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைப்பதாகக் கேள்வியுற்றுப் பல்லாயிரவர் அங்குச் சென்றனர். 1851ஆம் ஆண்டு தாம்சனும் சென்றார். சுரங்கத் தொழிலில் பெரும்பயன் கிட்டாமையால், சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் நிலம் வாங்கி வேளாண்மை செய்தார்.

மலைக்கு அப்பால் காத்திருந்தோர்

கலிபோர்னியாவின் கிழக்கே சியரா நெவாடா என்னும் நெடிய மலைத்தொடர் உள்ளது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அம்மலைமேல் ஏறிக் குளிர்ந்து பெரும்பனியாகப் பொழிகிறது. 1846ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அம்மலையைக் கடக்க முயன்ற 80க்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கிக்கொண்டனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் உயிரிழந்தனர். அதனால் குளிர்காலத்தில் மலையேற எவரும் அஞ்சினர்.

மலையின் மேற்குப் புறத்தில் பிளாசர்வில் என்னும் ஊரும், கிழக்குப் புறத்தில் ஜெனோவா என்னும் சிற்றூரும் இருந்தன. இடையே ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவு. பனி பொழியத் தொடங்கினால் கடிதங்கள் இருபுறமும் தேங்கிக் கிடக்கும். நோயுற்ற தாயின் செய்தியும், மகன் நலமாக இருக்கிறான் என்னும் செய்தியும் மலையைத் தாண்டி வாரா.

1855ஆம் ஆண்டு, மலையைக் கடந்து தபாலைக் கொண்டு செல்ல ஆள் தேவை என்னும் அறிவிப்பைத் தாம்சன் செய்தித்தாளில் கண்டார். பலர் அஞ்சிய பணியைச் செய்ய அவர் முன்வந்தார்.

நினைவில் பிறந்த பலகைகள்

தாம்சன் நார்வேயை விட்டு வந்து 18 ஆண்டுகள் கடந்திருந்தன. எனினும், இளமையில் கண்ட பலகைகளை நினைவிற்கொண்டு, ஓக் மரத்தைச் செதுக்கித் தாமே ஓர் இணை செய்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அடி நீளம். இரண்டின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். அங்கு வாழ்ந்த பலர் அத்தகைய பலகைகளை அதற்குமுன் கண்டதில்லை. பனிமேல் நடக்க உதவும் வலைப்பின்னல் காலணியை அவர்கள் ஸ்னோஷூ என்று அழைத்தனர். இப்பலகைகளையும் அப்பெயராலேயே குறித்தனர். எனவே, அவர் ஸ்னோஷூ தாம்சன் எனப் புகழ்பெற்றார்.

1856ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பிளாசர்வில்லிலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டார். கிழக்கு நோக்கிச் செல்ல மூன்று நாள்களும், திரும்பிவர இரண்டு நாள்களும் ஆயின. ஊரார் வியந்தனர்.

காட்டு வழி

தபாலும் மருந்தும் பிற பொருள்களுமாகச் சிலவேளைகளில் 45 கிலோகிராம் வரை சுமை அவர் முதுகில் இருந்தது. ஆகவே தமக்கென மிகச் சிலவற்றையே எடுத்துச் சென்றார். உலர்ந்த இறைச்சியும் ரொட்டித் துண்டுகளும் அவரது உணவு. உருகிய பனியே குடிநீர். கம்பளியைக்கூட அவர் சுமந்து செல்லவில்லை.

உயர்ந்து நிற்கும் ஊசியிலை மரங்களிடையே, பனியில் பலகைகள் உரசும் ஒலியைத் தவிர வேறு ஒலி இராது. கையில் ஒரு நீண்ட கழியை ஏந்தி, ஏற்றங்களில் மெல்ல ஏறுவார். இறக்கங்களில் பறவைபோல் விரைந்து இறங்குவார். மரங்களின் தோற்றமும், காற்றின் திசையும், இரவில் விண்மீன்களும் அவருக்கு வழிகாட்டின.

இரவில், பட்டுப்போன மரத்தின் அடிப்பகுதிக்குத் தீ மூட்டுவார். பச்சைக் கிளைகளைப் பனிமேல் பரப்பி, கால்களைத் தீயின் பக்கம் நீட்டி உறங்குவார். கடும் புயலில் வழி தெரியாத வேளைகளில், தட்டையான பாறைமேல் ஏறித் தம் நாட்டு நடனத்தை ஆடி உடல் உறையாமல் காத்துக்கொண்டார் என்பர்.

ஓர் உயிரைக் காத்த பயணம்

1856ஆம் ஆண்டு டிசம்பரில், தாஹோ ஏரியின் தென்புறப் பள்ளத்தாக்கில் இருந்த தனிக்குடிலில் ஜேம்ஸ் சிசன் என்பவரைத் தாம்சன் கண்டார். கால்கள் இரண்டும் உறைந்துபோன நிலையில், அவர் 12 நாள்களாக அங்கே தனித்துக் கிடந்தார். தாம்சன் விறகு வெட்டித் தீ மூட்டிவிட்டு ஜெனோவாவிற்கு விரைந்தார். ஆறு பேரை உடனழைத்துத் திரும்பிவந்து, சிசனைச் சறுக்குவண்டியில் கிடத்தி ஊருக்குக் கொண்டு சேர்த்தார்.

அதனோடு பணி முடியவில்லை. கால்களில் அறுவை செய்தால்தான் சிசன் உயிர் பிழைப்பார். அதற்குத் தேவையான மயக்க மருந்து அவ்வூரில் இல்லை. தாம்சன் சற்றும் தயங்காமல் மீண்டும் மலையைக் கடந்து, சாக்ரமெண்டோ நகரிலிருந்து மருந்தைப் பெற்று வந்தார். அறுவை நடைபெற்றது. கால்களை இழந்தபோதிலும் சிசன் உயிர் பிழைத்தார்.

கிடைக்காத ஊதியம்

இத்துணைப் பணிக்கும் அரசிடமிருந்து தாம்சனுக்கு உரிய ஊதியம் கிடைக்கவில்லை. முறையான ஒப்பந்தம் இன்றியே அவர் பெரும்பாலான ஆண்டுகள் உழைத்தார். 1870களில், தம் உழைப்புக்கு 6,000 டாலர் வழங்குமாறு வேண்டித் தலைநகர் வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். வழியில் அவர் ஏறிய தொடர்வண்டி பனியில் சிக்கி நின்றது. பனிக்கு அஞ்சாத அவர் இறங்கி நடந்து, அடுத்த நகரங்களை அடைந்து பயணத்தைத் தொடர்ந்தார். ஆனால் அவரது வேண்டுகோள் நிறைவேறவில்லை.

ஊர் திரும்பிய தாம்சன் மனக்கசப்பால் பணியைக் கைவிடவில்லை. கடிதத்திற்காகக் காத்திருந்தோரை அவர் மறக்கவில்லை. 1876ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், தமது 49ஆம் வயதில் நோயுற்று மறைந்தார். ஜெனோவாவில் அவர் கல்லறை உள்ளது. அக்கல்லில் ஒன்றையொன்று குறுக்கிட்ட இரு பனிச்சறுக்குப் பலகைகள் செதுக்கப்பட்டுள்ளன.

பத்து வயதுச் சிறுவன் பிறந்த மண்ணிலிருந்து கொண்டுவந்த பெருஞ்செல்வம் அவன் நினைவில் இருந்த ஒரு கலையே. புகுந்த நாட்டில் பிரிந்திருந்த மனங்களை இணைக்க அக்கலையே பாலமாயிற்று.

சிந்தித்து விடை எழுதுக

1. பலகையணிந்து செல்பவரின் கால்கள் பனியில் புதையாதது ஏன்?
2. தாம்சனுக்கு ஸ்னோஷூ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. சிசனைக் காக்கத் தாம்சன் மேற்கொண்ட முயற்சிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
4. உரிய ஊதியம் கிடைக்காதபோதும் தாம்சன் பணியைத் தொடர்ந்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உம் பெற்றோர் தம் சொந்த ஊரில் கற்று, இன்றும் செய்துவரும் ஒரு கலை அல்லது தொழில் பற்றி அவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.