எலக்ட்ரானைக் கண்டுபிடித்த தாம்சன்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அருகே சீத்தம் ஹில் என்னும் இடத்தில், 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் பிறந்தார் ஜோசப் ஜான் தாம்சன். தந்தை புத்தக வியாபாரி. மகனை ரயில் என்ஜின் செய்யும் பொறியாளராக்க வேண்டும் என்பது அவரது ஆசை. பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை படிக்கட்டும் என்று, 14 வயதிலேயே ஓவன்ஸ் கல்லூரியில் சேர்த்துவிட்டார். ஆனால் 1873-இல் தந்தை இறந்துபோனார். பயிற்சிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்குக் குடும்பம் எங்கே போகும்? பொறியாளர் கனவு கலைந்தது. தாம்சன் உதவித்தொகை பெற்று, 1876-இல் கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கச் சென்றார். 28 வயதிலேயே அங்குள்ள கேவண்டிஷ் ஆய்வகத்தின் பேராசிரியரானார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கைவேலையே வராது! கண்ணாடிக் குழாய்களை எல்லாம் எவரெட் என்ற உதவியாளர்தான் ஊதிச் செய்து கொடுத்தார்.

அந்தக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி மின்சாரம் செலுத்தினால், எதிர்மின்வாயிலிருந்து ஒரு கதிர் கிளம்பும். அது ஒளியைப் போன்ற அலையா, துகள்களின் கூட்டமா? மின்னூட்டம் உள்ள துகள்கள் என்றால், மின்னேற்றிய இரு தகடுகளுக்கு நடுவே செல்லும்போது வளைய வேண்டும். ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் செய்து பார்த்தார், வளையவில்லை. குழாயில் மிச்சமிருக்கும் காற்றுதான் தடுக்கிறது என்று நினைத்த தாம்சன், இன்னும் நன்றாகக் காற்றை வெளியேற்றினார். கதிர் வளைந்தது!

எந்த உலோகம், எந்த வாயு என்றாலும் அதே துகள்தான். எல்லாவற்றிலும் இலேசான ஹைட்ரஜன் அணுவைவிடவும் ஆயிரம் மடங்குக்கு மேல் இலேசானது அது. 1897 ஏப்ரல் 30 அன்று லண்டனில் இதை அறிவித்தார். அணுவைப் பிரிக்க முடியாது என்று நம்பிய காலமல்லவா? தாம்சன் கேலி செய்கிறார் என்றே கூட்டத்தில் ஒருவர் நினைத்தாராம்!

அந்தத் துகள்தான் எலக்ட்ரான். குண்டு பல்பு போட்ட டார்ச் லைட்டை அழுத்தினால், கம்பியில் உள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நகரத் தொடங்கும். ஆனால் நகரும் வேகம் நத்தையைவிடக் குறைவு! பல்பின் மெல்லிய இழையில் அவை அணுக்களோடு மோதும்போது மின்னாற்றல் வெப்பமாகிறது. இழை பழுத்து ஒளிர்கிறது. சாப்பாட்டு உப்பும் எலக்ட்ரானின் வேலைதான். சோடியம் அணு தன்னிடமுள்ள ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அணுக்கள் சேர்வது இப்படித்தான் இருக்கும் என்று தாம்சனும் யோசித்திருந்தார்.

1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மகன் ஜார்ஜ், எலக்ட்ரான் அலையைப் போலவும் நடந்துகொள்கிறது என்று காட்டி 1937-இல் நோபல் பரிசு பெற்றார். அதைப் பார்த்து மகிழ, 80 வயதில் தந்தையும் உயிரோடு இருந்தார்.